அப்பாவைத் தேடாதே

அத்தியாயம் 6

"அவங்க அழணும் மேடம்" என்றாள் மருந்துக் கடைப் பெண். "என் தம்பியை விட்டுட்டாப் போதும்னு கெஞ்ச நான் இங்க வரல. அவனை எந்த இடத்துல நிக்க வச்சாங்களோ அதே இடத்துல, அதே மைக்ல, நிஜத் திருடன் யாருன்னு சொல்லணும். நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

மேடம் வாயிலிருந்த இருமல் மிட்டாயை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்குத் தள்ளினார். சம்மதம் என்று அர்த்தம். எங்கள் துப்பறியும் அலுவலகத்தில் ஒப்பந்தங்கள் எல்லாம் இப்படித்தான் முடிவாகும். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, நான். மருத்துவ நுழைவுத் தேர்வை மூன்று முறை எழுதி மூன்று முறையும் மண்ணைக் கவ்வியவன். அதனால்தான் மேடம் என்னை "டாக்டர்" என்று கூப்பிடுகிறார். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் பல்லைப் பேர்த்திருப்பேன்.

"டாக்டர், கேஸை ஒரு தடவை திருப்பிச் சொல்லு. எனக்குச் சரியாப் புரிஞ்சுதான்னு பாக்கணும்."

சொன்னேன். நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யும் ஒரு பயிற்சி மையம். இருநூறு பேர் படிக்கிறார்கள். அதில் முதல் மாணவன் இந்தப் பெண்ணின் தம்பி. கடைசி ஒத்திகைத் தேர்வுக்கான கேள்வித்தாள் கட்டுகள் ஸ்டோர் ரூமில் இருந்தன. இரண்டு வகைக் கேள்வித்தாள். ஒன்றின் அட்டையில் சிவப்புக் கோடு, அந்தக் கட்டைச் சுற்றிச் சிவப்பு டேப். இன்னொன்றில் பச்சைக் கோடு, பச்சை டேப். தேர்வு நாள் காலையில் பார்த்தால் இரண்டு கட்டையும் யாரோ அறுத்துப் பிரித்து, மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டினவன் சிவப்புக் கட்டுக்குப் பச்சை டேப்பும் பச்சைக் கட்டுக்குச் சிவப்பு டேப்பும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"பூட்டு உடைக்கல" என்றாள் அந்தப் பெண். "முந்தின நாள் சாயங்காலம் என் தம்பி அந்த ரூமுக்குள்ள போனது நிஜம். எங்கப்பா டெய்லர். மையத்துப் பிள்ளைங்களுக்கு யூனிஃபார்ம் தைக்கிறவர். தைச்ச மூட்டையைக் கொண்டு போய் வச்சுட்டு வந்தான். அவ்வளவுதான்."

"அப்பாவுக்குக் கண்ணுல ஏதோ..." என்று இழுத்தார் மேடம்.

"சிவப்பும் பச்சையும் அவருக்குப் பிரிச்சுத் தெரியாது. ஊருக்கே தெரிஞ்ச விஷயம். அதை வச்சுத்தான் மையத்துச் சேர்மன் மைக்கைப் பிடிச்சாரு. 'அப்பன் குருட்டு டெய்லர், பிள்ளை குருட்டுத் திருடன், ரத்தத்துலயே வந்திருக்கு'ன்னாரு. இருநூறு பேரும் சிரிச்சாங்களாம்." அவள் குரல் உடையவில்லை. கெட்டியாகிக்கொண்டே போனது. "நான் போய்க் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். ஞாயித்துக்கிழமை பரீட்சை சார், பையன் வாழ்க்கை சார்னேன். நாளை மறுநாள் போலீஸ்ல புகார் குடுக்கறேன், அங்க போய்ச் சொல்லுன்னுட்டாரு. கேஸ் ஆயிட்டா அவன் பரீட்சை எழுதினாப்லதான்."

மேடம் எழுந்து செருப்பை மாட்டினார்.

"வாம்மா. உங்கப்பாவைப் பாக்கலாம்."

தையல் கடை ஒரு சந்தின் முனையில் இருந்தது. ஒரு மெஷின், ஒரு கண்ணாடி, சுவர் முழுக்க நூல்கண்டு. ஒவ்வொரு அடுக்கின் கீழும் துண்டுக் காகிதத்தில் நிறத்தின் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. டெய்லர் எங்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டுவிட்டு, எதற்கோ மன்னிப்புக் கேட்கிறவர் போல நின்றார். எனக்கு அப்போதே எரிச்சல் மூண்டது. தப்பே செய்யாத ஆளை இப்படி நிற்க வைத்தவன் எவனோ, அவன் நன்றாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

பையன் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"இந்தச் சீட்டெல்லாம் யார் எழுதினது?" என்று கேட்டார் மேடம்.

"இவன்தாம்மா" என்றார் டெய்லர். "ஒண்ணாம் கிளாஸ் போகும்போதிருந்தே எனக்கு நூல் எடுத்துத் தர்றவன். எனக்கு எல்லாமே காஞ்ச இலை மாதிரிதான் தெரியும். கலர் விஷயத்துல இவன் கண்ணுதான் என் கண்ணு."

மேடம் அடுக்கிலிருந்து நான்கைந்து கண்டுகளை உருவி மேஜையில் கலைத்துப் போட்டார்.

"தம்பி, இதுல பாசிப் பச்சை எது, செங்கல் சிவப்பு எது?"

பையன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்த மாதிரியே தெரியவில்லை. கையை நீட்டி இரண்டைத் தள்ளினான். இரண்டும் சரி. எனக்கே அந்தப் பாசிப் பச்சையைப் பார்த்து ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது.

"எப்படி மேடம்?" என்றேன். "அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வரணுமே? மூணாவது தடவை இந்தக் கேள்விதான் வந்துச்சு. வரும்னு அடிச்சு எழுதினேன்."

"அதான் இங்க நிக்கறே" என்றார் மேடம். டெய்லரின் குறி போடும் சாக்குக்கட்டியை எடுத்து வெட்டுத் துணியின் மேல் இரண்டு எழுத்து எழுதினார். "ஆம்பளைக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். நிறம் பார்க்கிற சமாச்சாரம் எதுல இருக்கு?"

"எக்ஸ்ல."

"மகன் பிறக்கணும்னா அப்பா எதைக் குடுக்கணும்?"

"ஒய்."

"அப்ப அந்த எக்ஸ்?"

நான் துணியைப் பார்த்தேன். துணி என்னைப் பார்த்தது. "அப்பாகிட்டயே தங்கிடும்" என்றேன்.

"மகளுக்குக் குடுப்பாரு, மகனுக்குக் குடுக்கவே மாட்டாரு. மகனுக்குன்னு இருக்கறது ஒரே எக்ஸ். அது அம்மா வீட்டுச் சீதனம். இவன் அம்மா குடுத்த எக்ஸ் சுத்தமா இருக்கு, இவன் கண்ணும் சுத்தமா இருக்கு."

"மூணு வருஷம் முன்னாடி உங்களைப் பார்த்திருந்தா இன்னிக்கு நான் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்திருப்பேன் மேடம்."

"மேஜை மேல படுத்திருப்பே. தம்பி, உனக்கு இது தெரியுமில்ல?"

பையன் இப்போதுதான் நிமிர்ந்தான். "தெரியும். சொல்ல வாய் திறந்தேன். மைக்கைத் தூரப் பிடிச்சுக்கிட்டு வாயை மூடுன்னாரு." மறுபடி குனிந்துகொண்டான்.

சந்தில் இறங்கி நடக்கும்போது என் மூளை ஓடத் தொடங்கிவிட்டது. அது எப்போதாவது ஓடும், ஓடும்போது நிறுத்த முடியாது. "மேடம், யாரோ இந்தப் பையனை மாட்டி விட்டிருக்காங்க. அப்பா கதை தெரிஞ்ச ஆள். வேணும்னே டேப்பை மாத்தி ஒட்டி, நிறம் தெரியாதவன் செஞ்ச மாதிரி ஜோடிச்சிருக்கான். ஆனா அவனுக்குப் பாடம் தெரியாது. அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் இருக்கும்னு நம்பற முட்டாள். என்னை மாதிரி."

"முட்டாள்களோட கஷ்டம் முட்டாளுக்குத்தான் புரியும்" என்றார் மேடம். "நல்லா யோசிச்சிருக்கே. ஸ்டோர் ரூம் சாவி யார்கிட்ட இருக்குமோ அவங்களைப் பாப்போம்."

பயிற்சி மையம் நான்கு மாடி. வாசலில் சேர்மன் மகனின் படம் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கீழே "வருங்கால முதலிடம்". பரீட்சை இன்னும் எழுதவே இல்லை. அவனும் இங்கேதான் படிக்கிறான், எப்போதும் டெய்லர் மகனுக்கு அடுத்த இடம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் அவனைச் சின்ன சேர்மன் என்று கூப்பிடுவார்களாம்.

வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தது சேர்மன் மனைவி. சாந்தமான முகம். இடுப்பில் சாவிக்கொத்து. அவருக்குப் பின்னால் சேர்மன் அறைக் கதவு. கதவுக்கு மேலே ஒரு சின்னப் பெட்டியில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு விளக்கு. மேலே இருந்த பச்சை எரிந்துகொண்டிருந்தது. பெட்டியைச் சுற்றிச் சுவரில் புதுச் சிமெண்ட் பூச்சு, கீழே தரையில் அதன் தூசி.

"சேர்மனைப் பாக்கணும்" என்றார் மேடம்.

அந்த அம்மாள் திரும்பி விளக்கைப் பார்த்தார். "மேல் விளக்கு எரியுதுங்க. சார் வேலையா இருக்காரு. கொஞ்சம் உக்காருங்க."

உட்கார்ந்தோம். நான் சுவரில் இருந்த முன்னாள் மாணவர் படங்களை எண்ணி முடித்து, அதில் யாருக்கு மூக்கு பெரிது என்று தேர்வு நடத்தி முடித்தபோது, கதவு படாரென்று திறந்தது.

"பச்சை போட்டு எவ்வளவு நேரமாச்சு?" சேர்மன் மனைவியிடம் பாய்ந்தார். "ஆளை உள்ள அனுப்பணும்னு தெரியாதா உனக்கு? கண்ணு எங்க இருக்கு?"

"கவனிக்கலைங்க" என்றார் அந்த அம்மாள். முகம் வெளுத்துவிட்டது. ஆள் பார்க்கிற இடத்தில் மனைவியை வைகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. மேடம் என்னவோ விளக்கையே பார்த்துக்கொண்டு மிட்டாய் சப்பினார்.

உள்ளே போனதும் சேர்மன் வேறு ஆளாகிவிட்டார். விருந்தாளிக்கான சிரிப்பு, விருந்தாளிக்கான நாற்காலி. திருட்டு விஷயமாக விசாரிக்க வந்திருக்கிறோம் என்றோம். யாருக்காக என்று மேடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தனக்காகத்தான் உலகம் இயங்குகிறது என்று நினைக்கிறவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள்.

"என் உதவியாளருக்கு ஒரு கவலை" என்றார் மேடம், என்னைக் காட்டி. "இவங்க அப்பாவுக்கு நிறம் தெரியாது. இவருக்கும் வந்துருமோன்னு பயப்படறாரு."

நான் உடனே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"வந்துருமோ என்ன, வந்திருக்கும்" என்றார் சேர்மன். "அப்பா வழி. ரத்தத்துல ஓடறதை யாரால நிறுத்த முடியும்? அந்தத் திருட்டுப் பயலையும் அதை வச்சுத்தானே பிடிச்சேன். எங்க பயாலஜி மாஸ்டரைக்கூடக் கேக்கல, அனுபவம்."

நான் மேஜைக்கடியில் மேடத்தின் காலை மிதித்தேன். ஆள் கிடைத்துவிட்டான் என்று அர்த்தம். மேடம் திருப்பி மிதித்தார். வாயை மூடு என்று அர்த்தம்.

"சேர்மன் சார், நாளைக்குக் காலையில எல்லாப் பிள்ளைங்களையும் ஹால்ல உக்கார வைங்க. திருடின ஆளை அவன் வாயாலயே ஒத்துக்க வைக்கிறேன். அன்னிக்கு நீங்க பேசின அதே மைக்ல. அந்தப் பையனும் அவன் அக்காவும் இருக்கணும். உங்க வீட்டம்மாவும் இருந்தா நல்லது. சாவி அவங்ககிட்டதானே இருக்கு."

சேர்மனுக்கு அவ்வளவு சந்தோஷம். "தாராளமா. இந்த மாதிரிப் பசங்களுக்கு இரக்கமே காட்டக் கூடாது மேடம். புகாரை நானே டைப் அடிச்சு வச்சிருக்கேன். பேரைச் சொல்லுங்க, அங்கயே கையெழுத்துப் போடறேன்."

வெளியே வந்து வரவேற்பு மேஜையில் மேடம் நின்றார். "என் அட்டையைக் குடுத்துட்டுப் போறேம்மா. போன் நம்பர் மாறிப் போச்சு, திருத்தணும். ஒரு சிவப்புப் பேனா தாங்க."

பேனாத் தாங்கியில் அரை டஜன் பேனா இருந்தது. அந்த அம்மாளின் கை அதை நோக்கிப் போனது, நின்றது. பிறகு தாங்கியையே நகர்த்தி வைத்தார். "நீங்களே எடுத்துக்குங்களேன்."

"நன்றிம்மா" என்றார் மேடம், ரொம்ப மென்மையாக.

படிக்கட்டில் பயாலஜி மாஸ்டர் எங்களுக்காகக் காத்திருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டேப் மாறியிருந்ததை முதல்ல பார்த்தது நான்தான்" என்றார். "அந்தப் பையன் நல்ல பையன்."

"அப்பா குடுத்து மகனுக்கு வராதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார் மேடம்.

"பதினஞ்சு வருஷமா நடத்தற பாடம்."

"அன்னிக்கு மேடையில எங்க இருந்தீங்க?"

"அவர் பக்கத்து நாற்காலியில" என்றார் மாஸ்டர். "எனக்கும் குடும்பம் இருக்கு மேடம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மேடம் என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனார். இல்லாவிட்டால் அந்த மனிதர் மிச்ச நாளைக்கு வேறு பாடம் நடத்தியிருப்பார். முழங்கால் எலும்பு பற்றி.

தெருவுக்கு வந்ததும், "சேர்மன்தான் மேடம்" என்றேன். "அவர் ஒருத்தர்தான் அப்பா வழின்னு நம்பறாரு. மகனை முதலிடத்துக்குக் கொண்டு வர, போட்டிக்கு இருந்த பையனை ஒழிச்சுக் கட்டிட்டாரு."

"சாவி அவர் பொண்டாட்டி இடுப்புலயே இருக்கு, மையமே அவரோடது. மகனுக்குக் கேள்வித்தாள் வேணும்னா அச்சடிக்கும்போதே எடுத்துக் குடுத்திருப்பாரு. கட்டை ஏன் அறுக்கணும்?"

அது உறைத்தது. "அப்ப அவர் யாரையும் மாட்டி விடலையா?"

"யாரும் யாரையும் மாட்டி விடல டாக்டர். நாமதான் ரொம்பப் புத்திசாலித்தனமா யோசிச்சுட்டோம். கட்டை அறுத்தவன் ஒட்டறதுக்கு டேப் எடுத்தான். கைக்குக் கிடைச்சதை எடுத்தான். ரெண்டும் அவனுக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. நிஜமாவே சிவப்பு பச்சை தெரியாதவன் ஒருத்தன் அந்த மையத்துல இருக்கான்."

"இருநூறு பேர்ல எப்படித் தேடறது? எல்லாரோட அப்பாவையும் வரச் சொல்லிக் கண்ணைச் சோதிக்கவா?"

"அப்பாவைத் தேடாதே" என்றார் மேடம். "இப்பத்தானே துணியில எழுதிக் காட்டினேன்." அதற்கு மேல் எவ்வளவு நோண்டியும் ஒரு வார்த்தை வரவில்லை. கடையில் சிவப்பு டேப் ஒன்றும் பச்சை டேப் ஒன்றும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். மங்கல் நிறமாகப் பார்த்து வாங்கினார், மையத்தில் இருந்த அதே வகை.

மறுநாள் காலை ஹால் நிரம்பி வழிந்தது. சேர்மன் கஞ்சி போட்ட சட்டையில் வந்திருந்தார். மாஸ்டர் அதே பக்கத்து நாற்காலியில், தரையைப் பார்த்துக்கொண்டு. கதவோரம் சேர்மன் மனைவி. மேடையின் ஓரத்தில் மருந்துக் கடைப் பெண், அவள் பின்னால் தம்பி. அவனைக் கண்டதும் முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் முகத்தை நான் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன்.

மேடம் மைக்கை வாங்கினார். "நான் போலீஸ் இல்ல, டீச்சரும் இல்ல. ரெண்டே கேள்வி. ஞாயித்துக்கிழமை வந்தாலும் வரலாம், அதனால கவனமாக் கேளுங்க. அப்பாவுக்குச் சிவப்பு பச்சை நிறக்குருடு. அம்மா பக்கம் அந்தக் குறை கொஞ்சமும் இல்ல, மறைஞ்சும் இல்ல. மகனுக்கு வர வாய்ப்பு எவ்வளவு?"

ஒரு நொடி கூட ஆகவில்லை. ஹால் முழுக்கக் கை. முன்வரிசையிலும் கை, பின்வரிசையிலும் கை, சிரித்த அந்த இரண்டு பேரின் கையும். மேடம் தலையசைத்ததும் இருநூறு குரல் ஒன்றாக வந்தது. "பூஜ்யம்."

சேர்மனின் முகத்தில் புரியாத ஒரு சிரிப்பு நின்றுகொண்டிருந்தது. அவர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

மருந்துக் கடைப் பெண் முன்னால் வந்து மைக்குக்குக் கை நீட்டினாள். இது எங்கள் திட்டத்தில் இல்லை. மேடம் கொடுத்துவிட்டார்.

"இந்தப் பாடம் எப்ப நடத்தினாங்க?" என்று கேட்டாள்.

முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "ரெண்டு மாசம் முன்னாடிக்கா" என்றாள்.

"அப்ப என் தம்பியை இங்க நிக்க வச்சுப் பேசினப்பவும் தெரியும்."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சில பேருக்குத் தாங்கள் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"உங்க எல்லாருக்கும் தெரியும். விடை தெரிஞ்சுக்கிட்டே உக்காந்து சிரிச்சிருக்கீங்க. அவன் போயிட்டா ஒரு இடம் காலி, அவ்வளவுதானே? நாளைக்கு நீங்க டாக்டர் ஆவீங்க. உங்ககிட்டத்தான் நான் நோவுன்னு வந்து படுக்கணும்." மைக்கை மேடத்திடம் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது, மறைக்க விருப்பமில்லை.

"சரி, சரி" என்றார் சேர்மன். "எங்கயோ ஒரு சின்னத் தவறு நடந்துருச்சு. அப்ப யாரு எடுத்தது? அதைச் சொல்லுங்க."

"ரெண்டாவது கேள்வி" என்றார் மேடம். "அம்மாவுக்கு நிறக்குருடு. அப்பாவுக்கு இல்ல. பிறக்கிற மகன்கள்ல எத்தனை பேருக்கு வரும்?"

இந்தத் தடவை கைகள் தயங்கின. ஒரு கை மட்டும் சட்டென்று உயர்ந்தது. அப்பாவின் சின்னத் தவறைத் தன் கெட்டிக்காரத்தனத்தால் மூடிவிட நினைத்த கை. சின்ன சேர்மன் எழுந்து நின்றான்.

"எல்லாருக்கும் வரும் மேடம். நூறு சதவீதம். மகனுக்கு இருக்கற ஒரே எக்ஸ் அம்மாகிட்டேர்ந்துதான் வருது. அம்மாவோட ரெண்டு எக்ஸும் பழுதுன்னா மகன் தப்பவே முடியாது."

"அழகான விடை. மேல வாப்பா." மேடம் பையிலிருந்து இரண்டு டேப்பையும் எடுத்து மேஜையில் வைத்தார். "இதுல சிவப்பை எடுத்து என் கையில குடு."

அவன் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்து நீட்டினான். பச்சை.

யாரோ களுக்கென்று சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். பையன் சுற்றும் முற்றும் பார்த்தான். "என்ன? ரெண்டும் ஒரே கலர்தானே? அன்னிக்கும் ஒரே கலர் டேப்தானே அங்க..."

அவனே நிறுத்திக்கொண்டான். மைக் எல்லாவற்றையும் ஹாலின் கடைசி வரைக்கும் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டது.

கதவோரம் சேர்மன் மனைவி மெதுவாக அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். "எனக்கும் பிரிச்சுத் தெரியாதுங்க" என்றார், கணவரைப் பார்க்காமல். "சின்ன வயசுலேர்ந்து எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். சொன்னா கல்யாணம் ஆகாதுன்னு எங்கம்மா மறைக்கச் சொன்னாங்க. இவனுக்கும் இருக்கும்னு நான் கண்டேனா?"

சேர்மன் மேடத்தைப் பார்த்தார்.

"உங்க அறை விளக்கை நேத்து கழட்டி மாட்டினவன் தலைகீழா மாட்டிட்டுப் போயிட்டான்" என்றார் மேடம். "எப்பவும் மேல சிவப்பு, கீழ பச்சை. நேத்து மேல பச்சை. உங்க வீட்டம்மா நிறத்தைப் பாக்கறதில்ல சார், இடத்தைப் பாக்கறாங்க. மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ. சிவப்புப் பேனா கேட்டேன், தாங்கியையே தள்ளி விட்டாங்க. தனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சவங்க அவ்வளவு ஜாக்கிரதையா இருப்பாங்க. அவங்க அந்தக் கட்டைத் தொட்டிருந்தா டேப் மாறியிருக்காது. தனக்குத் தெரியாதுங்கறதே தெரியாத ஒருத்தன்தான் மாத்தி ஒட்டுவான். அம்மா இடுப்புச் சாவி வீட்டுல ராத்திரி எங்க தொங்கும்னு அவனுக்குத்தான் தெரியும்."

நான் அப்போதுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். ஆனால் முன்பே தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவைத்தேன்.

சேர்மன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். மருந்துக் கடைப் பெண்ணின் முன்னால் வந்து நின்றார். கஞ்சிச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "அம்மா, சின்னப் பையன். தெரியாம செஞ்சுட்டான். ஞாயித்துக்கிழமை பரீட்சை. அவன் வாழ்க்கைம்மா."

அதே வார்த்தைகள். அவள் அவரிடம் சொன்னது அப்படியே திரும்பி வந்து நின்றது. அவள் அதை நின்று நிதானமாகக் கேட்டாள்.

"புகார் டைப் அடிச்சு ரெடியாத்தானே சார் இருக்கு?" என்றாள். "பேரை மட்டும் மாத்துங்க. நீங்க மாத்தலைன்னா நான் புதுசா எழுதிக் குடுக்கறேன். இங்க இருநூறு பேர் சாட்சி. இந்தத் தடவையாவது வாயைத் திறப்பாங்களான்னு பாப்போம்."

சேர்மன் திரும்பி மேஜையில் கையூன்றிக்கொண்டார். மகனின் பெயரைத் தன் கையாலேயே எழுத வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டார். எனக்குப் பரிதாபம் வரவில்லை. வந்திருந்தாலும் அடக்கியிருப்பேன்.

"வேண்டாங்க்கா" என்றான் தம்பி.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை. சேர்மனின் முகத்தில் உயிர் வந்தது. நல்ல பையன், மன்னித்துவிட்டான் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன், எரிச்சலோடு.

"என்னடா வேண்டாம்?" என்றாள் அக்கா. "எதுக்கு வேண்டாம்?"

"புகார் குடுத்தா அவன் பரீட்சை எழுத மாட்டான். 'கேஸ் போட்டு என்னை எழுத விடல, இல்லைன்னா முதலிடம் வாங்கியிருப்பேன்'னு ஆயுசுக்கும் சொல்லிட்டுத் திரிவான். இவங்கப்பாவும் வாசல்ல இருக்கற படத்தைக் கழட்ட மாட்டாரு." அவன் குரல் உயரவே இல்லை. நேராகச் சின்ன சேர்மனைப் பார்த்துப் பேசினான். "அவன் எழுதணும். ராத்திரியோட ராத்திரியாக் கேள்வித்தாளைப் பாக்காம அவனுக்கு எவ்வளவு வருதுன்னு எல்லாரும் பாக்கணும். முக்கியமா இவரு."

சின்ன சேர்மன் அப்பாவைப் பார்த்தான். இத்தனை வருஷ மதிப்பெண்களும் அவன் முகத்தில் அப்போது ஓடியிருக்க வேண்டும். சேர்மனும் மகனைப் பார்த்தார். கேட்க நினைத்ததைக் கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது அவருக்கு.

"அப்பா" என்றான் பையன், ரொம்ப மெதுவாக. மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. "நான் எழுதலப்பா. புகாரே குடுத்துடுங்க."

டெய்லர் மகன் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையைக் கடந்து வந்தான். சின்ன சேர்மனுக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றான்.

"ரெண்டு பேர் விண்ணப்பத்தையும் ஒண்ணாத்தான் அனுப்பினாங்க. என் நம்பருக்கு அடுத்த நம்பர் உன்னோடது, பக்கத்து மேஜை" என்றான். "நான் சீக்கிரமே வந்து உக்காந்திருப்பேன். வந்துடு."